இங்கிலீஷ் மருந்தா, நாட்டு மருந்தா? பெருந்துறை லேப்ரடாருக்காகக் கேட்ட கேள்விக்குப் பதில்

பெருந்துறையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் லேப்ரடாருக்கு 9 வயது முடிந்துவிட்டது. எடை 41 கிலோ. ஒரு வருடமாகப் பின்னங்காலை இழுக்கிறான், படுத்தால் எழச் சிரமப்படுகிறான். உடம்பெல்லாம் அரிப்பு, காதில் வாடை. வழக்கமாகக் காட்டும் டாக்டர் பிரெட்னிசலோன் மாத்திரை கொடுத்தார். நிறுத்தினால் பத்து நாளில் அரிப்பு திரும்பி வந்துவிடுகிறது. மூன்று மாதமாக அதுவே ஓடுகிறது. இப்போது கோயமுத்தூரில் ஒரு ஹோலிஸ்டிக் மையத்தில் காட்டினோம். இங்கிலீஷ் மருந்து எல்லாவற்றையும் உடனே நிறுத்துங்கள், தடுப்பூசியும் இனி வேண்டாம், உண்ணி வராமல் இருக்கத் தினமும் பூண்டு கொடுங்கள் என்றார்கள். மாட்டுக்குக் கேட்கிற மருந்து நாய்க்கும் கேட்கும் என்று மாமியாரும் சொல்கிறார். எந்த வழியில் போவது?"

முதலில் இன்று ராத்திரிக்கான பதில். பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு, அதை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மூன்று மாதம் அந்த மாத்திரையை வாங்கிப் பழகிய உடம்பு, தானாகச் சுரக்க வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோனைக் குறைத்துவிட்டிருக்கும். திடீரென்று மாத்திரையை எடுத்துவிட்டால் நாய் சோர்ந்து, வாந்தி எடுத்து, சுருண்டு விழக்கூடும். உங்கள் டாக்டர் போட்டுத் தரும் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட வேண்டும். வலிப்புக்கு பீனோபார்பிட்டோன் எடுக்கும் நாய்களுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. பூண்டை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

ஏன் பூண்டை இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு நாயின் கதையைச் சொல்ல வேண்டும். நான் இருபது வருடத்துக்கு மேலாக வெள்ளக்கோவில், மூலனூர்ப் பக்கம் கால்நடை டாக்டராக ஆடு, மாடு, நாய் எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்க்கிறேன். ஒரு ஆடி மாதம், தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி தன் நாட்டு நாயைச் சாக்கில் கிடத்திப் பேரனின் வண்டியில் கொண்டுவந்தார். "மூணு நாளாச் சோறே திங்கறதில்லீங்க தம்பி" என்றார். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. காதை மடித்தால் உள்மடிப்பில் ஆமணக்கு முத்துப் போல ரத்தம் குடித்துப் பருத்த உண்ணிகள். மேசை மேலேயே சிறுநீர் விட்டது, கடுங்காப்பி நிறத்தில். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் சிவப்பணுக்களுக்குள் பேபிசியா கிருமி உட்கார்ந்திருந்தது. உண்ணிக் காய்ச்சல்.

"உண்ணிக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று கேட்டேன். "தினமும் நாலு பல்லுப் பூண்டும் ஒரு கை சின்ன வெங்காயமும் தட்டி மோர்ச்சோத்துல போட்டனுங்க, பதினஞ்சு நாளா" என்றார்.

வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே பேபிசியா ஒரு பக்கம் உடைத்துக்கொண்டிருந்த ரத்தத்தை, உண்ணிக்கென்று கொடுத்த மருந்து மறுபக்கம் உடைத்துக்கொண்டிருந்தது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, உறவுக்காரர் வீட்டு ராஜபாளையம் நாயின் ரத்தத்தை ஏற்றி, மருந்தும் கொடுத்துத்தான் பிழைத்தது. அந்தப் பாட்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நாய் சாப்பிடாத மூன்று நாளும் அவரும் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

அவர் கையில் இருந்தது மாட்டு வைத்தியம். அது பொய்யான வைத்தியம் இல்லை. நம் கொங்குச் சீமையில் காங்கேயம் மாட்டை வைத்துத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்துகொண்டது நிறைய இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே மரபு வைத்தியத்தை ஆராய்ந்து பரப்பியிருக்கிறது. பேராசிரியர் புண்ணியமூர்த்தி சொல்லிக் கொடுத்த மடிநோய் மருந்து இன்றைக்குப் பால்காரர்கள் பலருக்கு மனப்பாடம்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், அரைத்து மடியில் பூச வேண்டும். கோமாரிக்குச் சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, தேங்காய், வெல்லம் என்று ஒரு உருண்டை. நானே எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் 300 கிலோ மாடு சில நாள் தின்னும் நாலு பல் பூண்டும், 18 கிலோ நாய் தினமும் தின்னும் நாலு பல் பூண்டும் ஒன்றல்ல. மாட்டுக்கே வெங்காயம் மிதமிஞ்சினால் ஆகாது. நாயின் சிவப்பணு இந்த விஷயத்தில் ரொம்ப மென்மையானது. அப்புறம், மாட்டின் மேல் பூசியது பெரும்பாலும் மேலேயே இருக்கும். நாய் மேல் பூசியது அரை மணி நேரத்தில் அதன் வயிற்றுக்குள் இருக்கும், நக்கியே தீர்த்துவிடும். புழு வைத்த புண்ணுக்குக் கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய் மாட்டுக்குச் சரி, அதையே நாய் நக்கினால் வலிப்பு வரலாம். உங்கள் மாமியாரிடம் இதை இப்படியே சொல்லுங்கள். மாட்டில் கை தேர்ந்தவர்களுக்கு எடைக்கணக்கு உடனே பிடிபடும்.

சரி, பெரிய கேள்விக்கு வருகிறேன். எந்த வைத்தியம் என்று நாய்க்கு மொத்தமாக ஒரே முடிவு எடுக்க முடியாது. அந்தந்த நோய்க்குத்தான் முடிவு எடுக்க முடியும். அதனால் என்ன நோய் என்று தெரியும் முன்பே "மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்து" என்று சொல்பவரையும் நான் நம்ப மாட்டேன், தொட்டுக்கூடப் பார்க்காமல் ஊசி போடுபவரையும் நம்ப மாட்டேன்.

சில நோய்களுக்குக் கெடு உண்டு. அங்கே நாட்டு மருந்தை முயன்று பார்க்க நேரமே கிடையாது. குட்டிக்கு ரத்தக் கழிச்சல் வந்தால் மாதுளைத் தோலும் வெந்தய மோரும் கொடுத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறார்கள். அது பார்வோ வைரஸாக இருந்தால் குட்டி சாவது உடம்பில் நீர் வற்றியும், குடல் வழியாகப் பாக்டீரியா ரத்தத்தில் ஏறியும்தான். டிரிப் ஏற்றி வாந்தியை நிறுத்துவதுதான் வைத்தியத்தின் பாதி. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். அடுத்த குட்டியை அதே திண்ணையில் கட்டினால் அதுவும் போய்விடும். பினாயில் போதாது, பிளீச்சிங் கரைசல் ஊற்ற வேண்டும்.

தோட்டத்து நாய்க்குப் பாம்புக் கடியும் அப்படித்தான். வாசலில் ஆகாசகருடன் கிழங்கு கட்டித் தொங்கவிட்டிருக்கும் வீட்டிலிருந்தே முகம் வீங்கிய நாய்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கண்ணாடி விரியன் கடித்த நாய்க்கு மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான். பச்சிலை தேடிப் போன நேரம் திரும்ப வராது. கண் மஞ்சளானால் கீழாநெல்லி என்று ஓடுவதும் அதே தவறு. நாய்க்கு மஞ்சள் காமாலை என்பது எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைராவாக இருக்கலாம், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ஈரல் நோயாகவும் இருக்கலாம். லெப்டோ என்றால் அந்த நாயின் சிறுநீரைக் கழுவிவிடும் உங்களுக்கும் தொற்றும். கருத்தடை செய்யாத பெட்டை நாய், பருவம் முடிந்து ஓரிரு மாதத்தில் தண்ணீராகக் குடித்து வாந்தியும் எடுத்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம், அன்றைக்கே ஸ்கேன் செய்ய வேண்டும்.

ரேபிஸைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அறிகுறி தெரிந்த பிறகு நாய்க்கும் மனிதருக்கும் பிழைக்க வழியில்லை. உலகில் ரேபிஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 1907ல் குன்னூரில், நம் மலைக்கு மேலேயே, பாஸ்டர் நிறுவனம் வந்தது இந்த நோய்க்காகத்தான். நாய் கடித்த இடத்தில் மிளகாயும் சுண்ணாம்பும் வைப்பதை விட்டுவிட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாய்க்கு ரேபிஸ் ஊசி விடவே கூடாது.

மற்ற தடுப்பூசிகளில், அந்த மையத்தார் சொன்னதில் ஒரு துளி நியாயம் இருக்கிறது. டிஸ்டம்பர், பார்வோ, அடினோ என்ற மூன்று வைரஸ் நோய்களுக்கும் வளர்ந்த நாயில் ஏறிய எதிர்ப்புச் சக்தி மூன்று வருடமோ அதற்கு மேலோ நிற்கிறது. உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் அவற்றை மூன்று வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் அடிக்கடி போட வேண்டாம் என்கிறது. நம் ஊரில் வருடா வருடம் போடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் லெப்டோ ஊசியின் பலன் ஒரு வருடத்துக்குத்தான். ஆகவே "எதை எப்போது" என்று டாக்டரிடம் கேளுங்கள். "இனி வேண்டவே வேண்டாம்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நாட்டு மருந்து, இங்கிலீஷ் மருந்து என்று ஒன்றுக்கொன்று பகையாக வைத்துப் பேசுகிறவர்களிடம் நான் நித்தியகல்யாணிச் செடியைக் காட்டுவேன். நம் வாசலிலும் சுடுகாட்டோரத்திலும் தானாகப் பூத்துக் கிடப்பது. தெரு நாய்களோடு சேரும் நாய்களுக்கு உறுப்பில் காலிஃபிளவர் மாதிரி கட்டி வந்து ரத்தம் சொட்டும், பார்த்திருப்பீர்கள். இனச்சேர்க்கையில் தொற்றும் புற்றுநோய் அது. வாரம் ஒரு முறை வின்கிறிஸ்டின் ஊசி, நாலிலிருந்து ஆறு வாரம் போட்டால் பெரும்பாலும் முழுக்க மறைந்துவிடும். அந்த வின்கிறிஸ்டினைப் பிரித்தெடுத்தது நித்தியகல்யாணியிலிருந்துதான், 1960களில் புழக்கத்துக்கு வந்தது. அதே செடியை அரைத்து நாய்க்குப் புகட்டினால் விஷம். செடியில் மருந்து இருக்கிறது. எந்தச் சத்து, எவ்வளவு, எந்த நோய்க்கு என்று யாரோ பல வருடம் உட்கார்ந்து அளந்து பார்த்ததால்தான் அது நாயைப் பிழைக்க வைக்கிறது.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. ஒரு நாயைப் பார்க்க ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காத நாட்களில் அரிப்புக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு, ஆரம்ப காலத்தில் எனக்கும் இருந்தது. அரிப்பு அன்று ராத்திரியே அடங்கும், வீட்டுக்காரர் கும்பிட்டுவிட்டுப் போவார். டெமோடெக்ஸ் பூச்சியால் வந்த சொறியாக இருந்தால் அதே ஊசி நோயைப் பரப்பிவிடும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினை அளவு பார்க்காமல் நாய்க்குப் போட்டு, கோலி இன நாய்கள் நினைவிழந்து போனதுண்டு. அந்த இனத்தில் பெரும்பாலானவற்றின் மரபணுவே அந்த மருந்தை மூளைக்குள் விட்டுவிடும். டைக்ளோஃபினாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்ததால் 2006ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பறக்கும் பிணந்தின்னிக் கழுகுகள் அந்தத் தடையால் காப்பாற்றப்பட வேண்டியவை. ஆனால் கால்வலி என்றதும் வீட்டில் இருக்கும் டைக்ளோஃபினாக்கையோ ஐபுப்ரோஃபெனையோ நாய்க்குக் கொடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குடலில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வந்துதான் எங்களிடம் வருகிறது.

இப்போது உங்கள் பையனுக்கு வருகிறேன். அவனுடைய இரண்டு தொல்லையும் தனித்தனியாகத் தோன்றினாலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பிரெட்னிசலோன் பசியைக் கிளப்பும். பசி எடுத்தால் லேப்ரடார் எதையும் விடாது. எடை ஏறும், ஏறிய எடை இடுப்பு மூட்டில் இறங்கும். மூட்டு வலிக்கென்று நாய்க்கான மெலாக்சிகம், கார்ப்ரோஃபென் போன்ற மாத்திரை கொடுக்கலாம் என்றால், பிரெட்னிசலோன் ஓடும்போது அவற்றைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது, குடலில் ஓட்டை விழக்கூடும். ஆக, அரிப்புக்கான காரணத்தைக் கண்டுபிடித்தால்தான் காலுக்கு வைத்தியமே தொடங்க முடியும். முழு நாயையும் சேர்த்துப் பார்ப்பது என்றால் எனக்குத் தெரிந்து இதுதான். ஹோலிஸ்டிக் என்ற சொல்லுக்கும் அதுதான் பொருள். அதைச் செய்ய ரத்தப் பரிசோதனை வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

அரிப்புக்கு: காதிலிருந்து பஞ்சில் எடுத்த அழுக்கைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். லேப்ரடார் காதில் வாடை என்றால் பெரும்பாலும் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சையோ பாக்டீரியாவோதான், ஐந்து நிமிட வேலை. தோலைச் சுரண்டிப் பூச்சி பார்க்க வேண்டும். தைராய்டு குறைவா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். எடை கூடுவது, தோல் கெடுவது, சோர்ந்து கிடப்பது மூன்றும் அதிலும் வரும். ஆனால் ஸ்டீராய்டு ஓடும்போது தைராய்டு அளவு தானாகவே இறங்கிக் காட்டும் என்பதால், எப்போது ரத்தம் எடுப்பது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். உண்ணி, தெள்ளுக்கு மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கொடுக்கும் மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. வலிப்பு வரும் நாயாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாயை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு பெட்டை உண்ணி ரத்தம் குடித்து முடித்ததும் நாயை விட்டு இறங்கிச் சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும், அதனால் கட்டும் இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். இவற்றுக்குப் பிறகும் அரிப்பு நின்றபாடில்லை என்றால், இதுவரை தின்னாத ஒரு இறைச்சியை மட்டும் வைத்து எட்டு வாரம் உணவுச் சோதனை. அதுவும் இல்லையென்றால் தோல் ஒவ்வாமை. அதற்கு ஸ்டீராய்டு தவிர ஓக்லாசிட்டினிப் போன்ற அரிப்பு மாத்திரைகளும் இருக்கின்றன. வேப்பிலை வேகவைத்து ஆறிய தண்ணீரில் குளிப்பாட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. வேப்பெண்ணெயை அப்படியே பூசாதீர்கள், நக்கினால் எச்சில் வடித்து வாந்தி எடுக்கும். சிவந்து கசியும் புண்ணில் மஞ்சளைக் குழைத்து அப்பினால் ஈரம் உள்ளேயே அடைபடும், புண் எந்த நிலையில் இருக்கிறது என்றும் எங்களுக்குத் தெரியாது.

காலுக்கு வரும்போது ஹோலிஸ்டிக் என்று சொல்கிறவர்களில் நல்லவர்கள் எங்களைவிட நன்றாகச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, வீட்டுத் தரை என்ன, எங்கே படுக்கிறான், யார் என்ன ஊட்டுகிறார்கள் என்று கேட்பார்கள். மூட்டுத் தேய்மானத்துக்குப் பாதி வைத்தியம் அங்கேதான் இருக்கிறது. எடைதான் முதல் மருந்து. 2002ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாவு வரை பார்த்தார்கள். ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி. குறைவாகத் தின்றவை நடுவளவில் 13 வருடம் வாழ்ந்தன, மற்றவை 11.2 வருடம். மூட்டு நோயும் தள்ளித்தான் வந்தது. எந்த மூலிகையும் எந்த மாத்திரையும் இவ்வளவு கொடுத்து நான் கண்டதில்லை.

உங்கள் பையன் 34 கிலோவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் குறைந்தால் போதும், நாலைந்து மாதம் பிடிக்கும். கையை விலாவில் வைத்தால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். நம் வீடுகளில் நாய்க்குப் போவது பெரும்பாலும் தயிர்ச்சோறு, பிஸ்கட், நோம்பி நாளில் ஒப்புட்டு. சோற்றைப் பாதியாகக் குறைத்து, வேகவைத்த முட்டை, தோல் நீக்கிய கோழி, பூசணி, பீன்ஸ் சேருங்கள். திராட்சையும் வெங்காயம் போட்ட குழம்பும் கூடவே கூடாது, வேகவைத்த எலும்பும் கூடாது. டைல்ஸ் தரையில் அவன் நடக்கும் தடத்தில் பழைய கோணிச் சாக்கையோ ரப்பர் மேட்டையோ விரியுங்கள், நகத்தை வெட்டுங்கள். வழுக்கும் தரையில் ஒவ்வொரு முறை எழும்போதும் இடுப்பு திருகுகிறது. தினம் மூன்று வேளை பத்துப் பத்து நிமிட நடை, பந்தை எறிந்து ஓடவிட வேண்டாம். ஆழமில்லாத தண்ணீரில் நீங்கள் பிடித்துக்கொண்டு நீந்தவிட்டால் மூட்டில் பாரம் ஏறாமல் தொடைச் சதை வளரும்.

மீன் எண்ணெய்க்கு நாய் மூட்டு வலியில் நல்ல ஆதாரம் இருக்கிறது, எடைக்கேற்ற அளவை டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள். மஞ்சளைச் சோற்றில் ஒரு சிட்டிகை போடுவதில் கெடுதல் இல்லை. ஆனால் அதில் இருக்கும் குர்க்குமின் என்ற சத்து குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, அதை நம்பி வலி மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். அக்குபஞ்சரால் சில நாய்கள் லேசாகி நடப்பதைக் கண்டிருக்கிறேன். ஆய்வுகள் அதற்கு உறுதியாகச் சாட்சி சொல்லவில்லை. பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் குத்தினால் மற்ற வைத்தியத்தோடு சேர்த்து முயன்று பார்க்கலாம். ஹோமியோபதி உருண்டைகளால் வலி குறைந்ததற்கு நான் நம்பத்தக்க ஆதாரம் எதையும் கண்டதில்லை, அந்தப் பணத்தை எக்ஸ்ரேக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

கோயமுத்தூர் மையத்துக்கு மறுபடி போவதானால் அங்கே பார்ப்பவர் பதிவு பெற்ற கால்நடை மருத்துவரா என்று கேளுங்கள். கொடுக்கும் பொடியில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். பெயர் ஒட்டாத பொடியில் ஸ்டீராய்டே கலந்திருந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. உங்கள் பழைய டாக்டரோடு போனில் பேசத் தயாரா என்றும் கேளுங்கள். தயார் என்றால் இருவரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் காட்டினாலும் மூன்று மாத மருந்துச் சீட்டுகளையும் கொண்டுபோங்கள். அப்புறம், காலையில் அவன் படுக்கையிலிருந்து எழும் முதல் ஒரு நிமிடத்தைப் பின்பக்கமிருந்து செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் பயத்தில் பல நாய்கள் நொண்டுவதில்லை, வீட்டில் எடுத்த அந்த ஒரு நிமிடம்தான் எந்த மூட்டைப் படமெடுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லும்.